ஒரே தளமும் ஒரு காலும்

அந்தச் சுற்றறிக்கை வந்த காலையில் அளவுக்காரர் மாமனாரை எழுப்பிக்கொண்டிருந்தார்.

மாமனார் என்றால் பெண் கொடுத்தவர் அல்ல. செயற்கைக் கால் நிலையத்தின் அளவு அறையில், மேசைக்கு அடியில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். பொத்தானை அமுக்கியதும் எழுந்துவிடுகிற ஆள் இல்லை அவர். முதலில் ஒரு கனைப்பு, பிறகு ஒரு முனகல், அப்புறம் உள்ளே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற சத்தம். முழுசாகக் கண்விழிக்கப் பதினோரு நிமிடம் பிடிக்கும். நடுவில் யாராவது அவசரப்படுத்தினால் கோபித்துக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டால் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வேலை இதுதான். கால் இழந்தவர் வந்து நாற்காலியில் உட்காருவார். அளவுக்காரர் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியால் மிச்சமிருக்கும் காலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். அதன் வடிவம் மாமனாரின் திரையில் வந்து நிற்கும். எலும்பு துருத்தும் இடத்தில் கொஞ்சம் தளர்த்தி, சதையுள்ள இடத்தில் கொஞ்சம் இறுக்கி, அளவுக்காரர் அதைத் திருத்துவார். பிறகு ஒரு தடித்த கம்பி வழியாகப் பக்கத்து அறைக் கடைசல் இயந்திரத்துக்கு உத்தரவு போகும். அது நுரைக்கட்டையைச் செதுக்கி அச்சு கொடுக்கும். அந்த அச்சின்மேல் வார்ப்பதுதான் காலைப் பிடித்துக்கொள்ளும் கூடு. கூடு அரை விரல் பிசகினால் ஆள் நடக்க முடியாது, அழத்தான் முடியும்.

கடைசல் இயந்திரமும் மாமனாரும் ஒரே கம்பெனியில் பிறந்து ஒரே லாரியில் வந்து இறங்கியவர்கள். அந்தக் கம்பெனியை இழுத்து மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது. கடைசல் இயந்திரம் மாமனார் சொன்னால் மட்டுமே கேட்கும். மற்றவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாது.

சுற்றறிக்கையில் இரண்டே பக்கம். துறையின் எல்லா நிலையங்களிலும் உள்ள எல்லா மேசைக்கணினிகளும் இந்த மாதக் கடைசிக்குள் ஒரே தளத்துக்கு, அதாவது தலைமையகம் தரும் ஒரே மென்பொருளுக்கு, மாறியாக வேண்டும், மாறாதவை அகற்றப்படும். கீழே பெரிய எழுத்தில் ஒரு முழக்கம்: "ஒரே மேசை, ஒரே தளம், ஒரே நோக்கு." நம் நிலையத்தில் நாற்பது மேசை இருக்கிறதே என்று வாய் தவறிக் கேட்ட டைப்பிஸ்ட் அம்மாவிடம் அன்று மாலையே எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டார்கள்.

இந்த மாதக் கடைசி என்ற வார்த்தைதான் அளவுக்காரரைப் பிடித்து உலுக்கியது. ஏனென்றால் அவர் வீட்டுக் கூடத்திலும் அதே தேதிதான் உட்கார்ந்திருந்தது.

அவருடைய மனைவியின் தங்கை தபால்காரி. எட்டு மாதத்துக்கு முன், தபால் பிரிக்கும் இடத்தில் பின்னோக்கி வந்த லாரி அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து அக்கா வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. புண் ஆறி, வீக்கம் வடிந்து, இப்போதுதான் அளவெடுக்கிற நிலைக்கு வந்திருந்தது. தபால் துறை அவளுக்குக் கொடுத்த கெடு மாதக் கடைசி நாள். அன்று மருத்துவர் முன்னால் பையை மாட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து காட்டினால் பழைய தெருக்கள் அவளுக்கு. இல்லையென்றால் புது ஆள் ஒருவருக்கு நிரந்தரமாகப் போய்விடும். அவள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் கால் செஞ்சு கொடுக்கறீங்க. வீட்ல இருக்கறவளுக்கு ஒரு கால் செய்ய எத்தனை நாளாகும்?" என்றாள் மனைவி, தோசைத்திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"மாமனார் ஒழுங்கா இருந்தா அஞ்சு நாள்."

"எங்கப்பாவை ஏன் இழுக்கறீங்க?"

"உங்கப்பா இல்ல, கம்ப்யூட்டர்."

"அக்கா, விடு. அத்தானுக்குத் தெரியாதா?" என்றாள் தபால்காரி. அவள் அதைச் சொன்ன நம்பிக்கையைப் பார்த்து அளவுக்காரர் சுற்றறிக்கையைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

அடுத்த வாரம் பயிற்சி வகுப்பு. முன்பெல்லாம் மாவுக்கட்டுப் போட்டுக் கையாலேயே அச்சு எடுத்த அறைதான் இப்போது பயிற்சிக் கூடம். கம்ப்யூட்டர் வந்தபிறகு மாவு எதற்கு என்று கொள்முதல் பட்டியலிலிருந்து மாவை அடித்து, சூளையையும் எடுத்துவிட்டு, குளிர்சாதனமும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். தலைமையகத்திலிருந்து வந்த தள அதிகாரி கழுத்தில் இரண்டு அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார். ஒன்று அவர் யார் என்று சொன்னது; இன்னொன்று முதலாவது அட்டை உண்மையானது என்று சொன்னது.

"இத்தனை வருஷமா ஒரு தப்பான எண்ணம் இருந்துச்சு. ஆபீஸ் வேலை வேற, டெக்னிக்கல் வேலை வேறன்னு," என்று அவர் ஆரம்பித்தார். "கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒரு லெட்டரும் ஃபைல்தான், ஒரு காலும் ஃபைல்தான். லெட்டர் எழுதற மிஷின்ல கால் எழுத முடியாதா?"

எல்லோரும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். அளவுக்காரர் கையைத் தூக்கினார்.

"சார், எங்க கடைசல் இயந்திரம் புதுத் தளத்துல ஓடுமா?"

"அந்த இயந்திரத்துக்கு ஊழியர் எண் இருக்கா?"

"இல்ல சார். அது இயந்திரம்."

"அப்போ அது எங்க பயனாளர் இல்ல. பயனாளர் குறைக்குத்தான் நாங்க பதில் சொல்ல முடியும். சரி, நீங்க மாசத்துக்கு எத்தனை லெட்டர் அடிக்கறீங்க?"

"லெட்டர் அடிக்கறதில்ல சார். கால் செய்யறேன்."

தள அதிகாரி சபையைப் பார்த்துத் திரும்பினார். "பாருங்க. பத்தொன்பது வருஷமா மேசையில கம்ப்யூட்டர் இருக்கு, இவர் அதைப் பயன்படுத்தவே இல்ல. இவங்களுக்காகத்தான் இந்தத் திட்டமே." சபை அளவுக்காரரை இரக்கத்தோடு பார்த்தது.

விதிவிலக்குக் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். விலக்குக் கோரும் படிவம் புதுத் தளத்தில் மட்டுமே திறக்கும். அளவுக்காரர் டைப்பிஸ்ட் அம்மாவின் புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கடைசல் இயந்திரத்தின் கதையையெல்லாம் மூன்று பக்கத்துக்குக் கொட்டி அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "தாங்கள் புதிய தளத்தின் வழியாக வெற்றிகரமாக விண்ணப்பித்திருப்பதால், தங்களுக்கு விலக்குத் தேவைப்படவில்லை எனத் தெரிகிறது. வாழ்த்துகள்."

மறுநாள் அவர் மேசைக்கும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மெலிசாக, அழகாக, சத்தமே இல்லாமல் இருந்தது. மாமனாரின் கம்பி முனையில் இருபத்தைந்து பல். புதுசுக்கு இருந்ததோ எறும்பு வாய். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கம்பி போய் உட்கார இடமில்லை. கம்ப்யூட்டர் கொண்டுவந்த ஆள் யோசித்துப் பார்த்துவிட்டு, "கம்பி இல்லாம வேலை செய்யப் பழகிக்குங்க சார், எல்லாரும் அப்படித்தான்," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். தினமும் காலையில் அந்தப் புதுசு "தளத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று கேட்கும். "ஆம்" என்று அமுக்கினால்தான் வருகை பதிவாகும். அளவுக்காரர் வயிற்றெரிச்சலோடு தினமும் மகிழ்ச்சியைப் பதிவு செய்தார்.

மாமனாரை எடுத்துப்போவதற்கு முன் ஒரு தணிக்கை உண்டு என்று தெரியவந்தது. டைப்பிஸ்ட் அம்மாதான் அந்த ரகசியத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அவங்களுக்கு எது எந்தத் தளம்னு தெரியாது சார். கையில ஒரு கலர்த் தாள் வச்சிருக்காங்க, நீல மலைப் படம். புதுத் தளத்துல திறந்தவுடனே வர்ற படம். தாளைத் திரைகிட்ட வச்சுப் பாப்பாங்க. மலை ஒத்துப்போச்சுன்னா பாஸ்."

"என் கம்ப்யூட்டர்ல அந்தப் படத்தை எப்படிம்மா ஏத்தறது? அதுக்குப் படம் ஏத்தற வாயே கிடையாதே."

டைப்பிஸ்ட் அம்மா கொஞ்ச நேரம் மாமனாரைப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய் நீல மலையைக் கலரில் அச்செடுத்து, கத்தரித்து, மாமனாரின் திரைக் கண்ணாடிமேல் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

தணிக்கைக்காரர்கள் இருவர் வந்தார்கள். மாமனார் அணைந்து கிடந்தார். மலை மட்டும் நின்றது. ஒருவர் தாளைப் பிடித்தார், மற்றவர் மலையின் உச்சியையும் அடிவாரத்தையும் விரலால் ஒத்துப் பார்த்தார். இரண்டு பேரும் சற்றுப் பின்னால் போய் நின்றார்கள். அளவுக்காரருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"எவ்வளவு தெளிவா இருக்கு, பாத்தியா?" என்றார் முதலாமவர்.

"சிமிட்டவே இல்ல. கண்ணுக்கு இதமா இருக்கு. மத்த மேசையிலெல்லாம் ஒரு நடுக்கம் இருந்துச்சு."

"சூடும் இல்ல."

குறித்துக்கொண்டு, "ஒருமைப்பட்டது" என்ற வில்லையை மாமனாரின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வேறு ஆட்கள் வந்தார்கள். ஒரே மேசையில் ஒருமைப்பட்ட கணினி இரண்டு இருப்பது விதிக்கு முரண் என்று சொல்லி, புதுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அளவுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, கீழ் மூலைகளின் டேப்பை உரித்து, தாளைப் பாவாடை மாதிரி மேலே தூக்கி, மாமனாரின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

மறுநாளே மைத்துனியைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். கருவி சுற்றும்போது அசையக் கூடாது. அவளோ கூச்சம் தாங்காமல் நெளிந்தாள்.

"அத்தான், கூசுது."

"ஏதாவது பேசிட்டிரு. காலை மறந்துடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் தெருக்களைச் சொல்ல ஆரம்பித்தாள். "முதல்ல தையல்கடை. அடுத்தது மாடி வீடு, மூணாவது மாடியில ஒரு பெரியவர், கதவு திறக்க நேரமாகும், மணி அடிச்சிட்டு எண்பது வரைக்கும் எண்ணணும். அப்புறம் பச்சைக் கேட், அங்க நாய். அப்புறம் இடது பக்கம் திரும்பினா சந்து, வலது பக்கம் திரும்பினா முட்டு, சுவருதான், வழி கிடையாது..." சந்து முடிந்து பள்ளிக்கூடம் வருவதற்குள் கருவி ஒரு சுற்று முடித்திருந்தது. திரையில் அவளுடைய கால் வந்து நின்றது. எட்டு மாதமாக அந்தக் காலைக் கட்டுத்துணிக்குள்ளேயே பார்த்திருந்தவள், எட்டிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு," என்றாள்.

மூன்று நாள் அதைத் திருத்தினார். யாராவது வரும் செருப்புச் சத்தம் கேட்டால் மலையை இறக்குவார், போனதும் தூக்குவார். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு கூட்டை அவர் திருத்தியதில்லை என்று அவருக்கே தோன்றியது. இனி கடைசல்தான். நுரைக்கட்டை ஒன்று வேண்டும்.

கிடங்குக்காரர் கையை விரித்தார். "கோரிக்கை உங்க மேசைப் புதுக் கம்ப்யூட்டர்லேருந்து வரணும் சார்."

"அதை எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"ஏன்?"

"என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு."

"அப்போ அதுலேருந்து அனுப்புங்க."

காகித மலையிலிருந்து கோரிக்கை அனுப்புவது எப்படி என்று அளவுக்காரருக்குத் தெரியவில்லை. நான்கு நாள் நடையாய் நடந்து, டைப்பிஸ்ட் அம்மா யார் யாரிடமோ கெஞ்சி, ஒரு வழியாக வியாழக்கிழமை கட்டை தருகிறேன் என்றார் கிடங்குக்காரர். புதன்கிழமை தலைமையகத்திலிருந்து லாரி வந்தது.

தணிக்கை அறிக்கை மேலே போயிருந்தது. துறையிலேயே தெளிவான திரை, சிமிட்டாத திரை, மின்சாரமே செலவழிக்காத திரை. அதுவும் தொழில்நுட்ப வேலை நடக்கிற மேசையில். இயக்குநர் உருகிவிட்டாராம். ஒருமைப்பாட்டு விழாவில் "முன்மாதிரி மேசை"யாக வைக்க மாமனாரையும், மேசையையும், நாற்காலியையும், பாதி குடித்த டீ டம்ளரையும் அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இயல்பாக இருக்க வேண்டுமாம்.

அளவுக்காரர் அடுத்த பஸ்ஸிலேயே தலைமையகத்துக்கு ஓடினார். வெளியே மூன்று மணி நேரம் உட்கார வைத்தபிறகு தள அதிகாரி உள்ளே கூப்பிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அளவுக்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அது பழைய கம்ப்யூட்டர், மலை காகிதம், டேப் நான் வாங்கியது, ஒரே ஒரு நாள் கொடுங்கள், ஒரு கால் கடைந்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

தள அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"காகிதம்னு எங்களுக்கும் தெரியும். இறக்கும்போது மூலை பிஞ்சிடுச்சு. நாங்களே திரும்ப ஒட்டினோம்."

"அப்போ..."

"யோசிச்சுப் பாருங்க. அது பழசுன்னா, தணிக்கை தப்பு. தணிக்கை தப்புன்னா, தணிக்கைக்காரங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது தப்பு. அதுல கையெழுத்துப் போட்டது நான். என்னை இந்த நாற்காலியில உட்கார வச்சது இயக்குநர். உங்க ஒரு காலுக்காக எத்தனை பேர் விழணும்னு நினைக்கறீங்க?"

அளவுக்காரர் கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"கவலைப்படாதீங்க. விழாவுல அதுக்குள்ளேயே புதுத் தளத்தை ஏத்திடுவோம். அப்புறம் நீங்க சொன்னதும் பொய்யில்ல, நாங்க சொன்னதும் பொய்யில்ல. கடைசியா அதுல திறந்த கோப்பு ஒரு பெண்ணோடதாமே? பயனாளி யாராவது மேடைக்கு வேணும்னு இயக்குநர் கேட்டிருந்தார். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. எல்லாம் நல்லபடியா முடியும்."

"ஏத்தினா உள்ள இருக்கறது போயிடுமா சார்?"

"புதுசு வர்றப்போ பழசைப் பத்தி யாரும் கேக்கறதில்ல."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். தபால்காரிதான் தெம்பாகப் பேசினாள். "மேடையில இயக்குநர் இருப்பாருல்ல அத்தான்? நானே கேக்கறேன். ஒரே ஒரு நாள் கொடுங்க, கால் செஞ்சதும் நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்கன்னு. எட்டு வருஷமா எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினவ நான். ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா?"

"நான் இருக்கேன் பக்கத்துல," என்றார் அளவுக்காரர்.

விழா மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது. பெரிய அரங்கம். மேடை நடுவில் பூந்தொட்டிகளுக்கு மத்தியில் மாமனார். பின்னால் மாமனாரின் திரையையே பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வெள்ளைத் துணி. காகித மலையை எடுத்துவிட்டிருந்தார்கள். காலையிலேயே எழுப்பி வைத்திருந்ததால் மாமனார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய உறுமல் ஒலிபெருக்கியில் கேட்டது.

தபால்காரி சீருடையில் வந்திருந்தாள். காக்கிக் கால்சட்டையின் வலது காலை மடித்து ஊசி குத்தியிருந்தாள். மேடைக்கு ஐந்து படி. கைப்பிடி இல்லை. ஊன்றுகோல்களை ஒரு படி முன்னால் வைத்து, உடம்பை எம்பி, அடுத்த படி. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பக்கத்தில் போகலாமென்று எழுந்த அளவுக்காரரை, மேடையில் பயனாளிக்கு மட்டுமே அனுமதி என்று ஒரு தொண்டர் உட்கார வைத்தார்.

இயக்குநர் அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருந்ததால் அவள் அதை வாயால் கவ்வவா முடியும்? தள அதிகாரி வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"நண்பர்களே," என்று இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பழசைப் பிடிச்சுக்கிட்டு நின்னா யாரும் நடக்க முடியாது. நேத்து வரைக்கும் ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு பாஷை பேசுச்சு. ஒரு மேசை கடிதம் பேசுச்சு, ஒரு மேசை வரைபடம் பேசுச்சு, ஒரு மேசை கால் பேசுச்சு. இன்னைக்கு எல்லா மேசையும் ஒரே மாதிரி பேசுது. என்ன பேசுதுன்னு கேக்காதீங்க. ஒரே மாதிரி பேசுது, அதுதான் வளர்ச்சி. இந்தச் சகோதரி இன்னைக்கு நம்ம முன்னால எழுந்து நிக்கறாங்கன்னா, அதுக்கு இந்தத் தளம்தான் காரணம்!"

கைதட்டல். தபால்காரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், ஒரு சின்ன வேண்டுகோள்," என்று அவள் வாயெடுத்தாள்.

"சொல்லுவோம்மா, நன்றியெல்லாம் கடைசியில சொல்லுவோம்," என்று இயக்குநர் அவளை மேசைப் பக்கம் திருப்பி, பொத்தானை அவளே அமுக்க வேண்டும் என்றார்.

வெள்ளைத் துணியில் அவளுடைய கால் வந்து நின்றது. கடைசியாகத் திறந்த கோப்பு அதுதானே. எலும்பு துருத்தும் இடத்தில் தளர்த்தி, சதையில் இறுக்கி, மூன்று நாள் தடவித் தடவித் திருத்திய வடிவம், ஆள் உயரத்துக்கு. அதன்மேல் ஒரு கட்டம் விழுந்தது: "இக்கணினியில் உள்ள அனைத்தும் அழிக்கப்பட்டுப் புதிய தளம் ஏற்றப்படும். தொடரலாமா?"

அளவுக்காரர் தொண்டரைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வேண்டாம்! அமுக்காதேம்மா!" என்று கத்தினார். அவள் கேட்டாள். கேட்டு, திரும்பி அத்தானின் முகத்தைப் பார்த்து, துணியிலிருந்த வரியைப் படித்து, எல்லாம் புரிந்து, நீட்டிய விரலை இழுத்துக்கொண்டாள்.

இயக்குநர் அந்த விரலை அன்போடு பிடித்தார்.

"பயப்படாதம்மா. கம்ப்யூட்டர் கடிக்காது."

அவளுடைய விரலாலேயே அமுக்கினார்.

கால் மறைந்தது. மாமனார் ஒருமுறை கனைத்தார், பிறகு முனகினார், பிறகு உள்ளே எதையோ தேடினார். கொஞ்ச நேரத்தில் துணியில் இரண்டு வரி வந்தது. "பழையவை அனைத்தும் வெற்றிகரமாக அழிக்கப்பட்டன. இக்கணினி புதிய தளத்தை ஏற்கத் தகுதியற்றது." இயக்குநர் முதல் வரியைக் கம்பீரமாகப் படித்துவிட்டுக் கைதட்டினார். அரங்கம் சேர்ந்து தட்டியது. தள அதிகாரி சட்டைப் பையிலிருந்து நீல மலையை எடுத்து, மடிப்பை நீவி, மாமனாரின் முகத்தில் ஒட்டினார். மலையைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

மறுநாள் அளவுக்காரர் தலைமையகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றார். வெளியே எங்காவது மாவு வாங்கிக் கையாலாவது செய்கிறேன், அனுமதி மட்டும் கொடுங்கள் என்றார். ஒரு மேசையில் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். தபால்காரியின் பெயருக்கு எதிரே "கால் வழங்கப்பட்டது" என்று இருந்தது. புதுத் தளத்தில் நிலுவை என்ற கட்டமே கிடையாது. அதனால் பழைய நிலுவையெல்லாம் முடிந்தவையாக ஏறிவிட்டன. ஒருவருக்கு நான்கு வருடத்துக்கு ஒரு கால்தான். அடுத்ததற்கு நான்கு வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம். எங்கள் துறையில் இப்போது காலில்லாதவரே இல்லை என்று அந்த மேசைக்காரர் பெருமையோடு சொன்னார். எந்தக் கதவைத் தட்டினாலும் இதே வரியைத்தான் காட்டினார்கள். கடைசி நாளும் வந்து, போயும்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், அவளுடைய பழைய தெருக்களுக்குப் போட்டிருக்கும் புதுத் தபால்காரர் வாசலில் வந்து நின்றார். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபால். தபால்காரி ஊன்றுகோலோடு போய் வாங்கிக்கொண்டு, நின்றபடியே பிரித்தாள். "தங்கள் புதிய கால் எவ்வாறு உள்ளது?" என்று கேட்டிருந்தது. மூன்று கட்டங்கள்: மிக நன்று, நன்று, திருப்தி. அடியில் சின்ன எழுத்தில்: "திருப்தி இல்லையெனில் காலை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கவும்."

பின்னால் எட்டிப் பார்த்த அக்கா, "கிழிச்சுப் போடுடி!" என்று கத்தினாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அளவுக்காரர் கதவருகிலேயே நின்றார். மைத்துனியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நான் அந்த மலையை ஒட்ட விடாமல் இருந்திருந்தால் என்று பத்து நாளாக நினைத்ததையே மறுபடி நினைத்தார்.

தபால்காரி தாளை நான்காக மடித்துக்கொண்டாள். புதுத் தபால்காரரின் பையைப் பார்த்தாள். கடிதக் கட்டுகள் தெரு வரிசையில் இல்லாமல் முன்னும் பின்னுமாகக் கிடந்தன.

"மூணாவது மாடிப் பெரியவர் வீட்டுல மணி அடிச்சிட்டுப் போயிடறீங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் திறக்கறதில்லீங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

"திறப்பார். எண்பது வரைக்கும் எண்ணுங்க. மகன் லெட்டர் எதிர்பாத்துட்டு இருப்பார்."

"சரிங்க."

"பச்சைக் கேட் வீட்டுல ஒரு நாய் உண்டு. வாலாட்டிட்டே அன்பா வரும். கையைக் கொடுத்துடாதீங்க. கடிச்சிடும்."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் போவதையே பார்த்தாள். தெருமுனைக்குப் போனவர் ஒரு கணம் தயங்கி, வலது பக்கம் திரும்பினார்.

"ஐயோ, அங்க முட்டு! இடது பக்கம்! இடது பக்கம் போங்க!" என்று அவள் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. உடம்பு அவளையறியாமல் ஓடுவதற்கு ஒருமுறை எம்பியது. ஊன்றுகோல் கீழே விழுந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள்.

அளவுக்காரர் ஊன்றுகோலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு செருப்புக்கூட மாட்டாமல் அந்தத் தபால்காரருக்கு வழி சொல்ல ஓடினார், இரண்டு காலாலும்.